ஈரல் கொடுக்கும் சர்க்கரையும் தைராய்டின் சொந்தங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

"ராத்திரி மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கைத் தொடக்கூட இல்லை, கோதுமைக் கஞ்சிதான் குடித்தேன். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் சுகர் 160. எப்படி?" நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று நம் மாவட்டத்தில் எங்கே போனாலும் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்வி. காலையில் காட்டும் அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கு ஈரல் கொடுத்தது.

நாம் உறங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதற்காக ஈரல் தன்னிடம் இருக்கும் கிளைக்கோஜனை, அதாவது சேமித்துவைத்த சர்க்கரையை, உடைத்துக் கொடுக்கிறது. அந்த இருப்பு ஏறக்குறைய 100 கிராம்தான். போதாததற்கு, தசையிலிருந்து வரும் லாக்டேட், அலனின், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால் இவற்றை எடுத்துப் புதிதாகவும் குளுக்கோஸ் செய்கிறது. இன்சுலின் இந்த வேலையை அடக்கும், கணையத்திலிருந்து வரும் இன்னொரு ஹார்மோனான குளுக்ககான் தூண்டும். இது சுகர் உள்ளவர்களில் பலருக்குத் தெரியும். தைராய்டுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் இரண்டு நோயும் சேர்ந்து உள்ளவர்கள் நம்மிடையே நிறைய.

தைராய்டு சுரப்பி அதிகமாக வெளியிடுவது தைராக்சின், அதாவது டி4. அதில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. எட்வர்ட் கெண்டல் 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். மூன்று அயோடின் உள்ள டி3, 1952இல் லண்டனில் ஜாக் கிராஸ், ரோசலிண்ட் பிட்ரிவர்ஸ் ஆகியோரின் ஆய்வில் தெரியவந்தது. உண்மையில் வீரியமாக வேலை செய்வது இந்த டி3தான். ஈரலே டி4இலிருந்து ஒரு அயோடினைக் கழற்றி டி3 ஆக்கிக்கொள்ளும். அதே ஒரு அயோடினை வேறு இடத்திலிருந்து கழற்றினால் ரிவர்ஸ் டி3 வரும். அதிலும் மூன்று அயோடின்தான், ஆனால் டி3 செய்கிற வேலையை அது செய்யாது.

சரி, டி3 ஈரல் செல்லுக்குள் என்ன செய்கிறது? நேரே உட்கருவுக்குள் போய், அங்கே ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியின் பீட்டா வகையோடு சேர்ந்து மரபணுக்களை இயக்குகிறது. குளுக்கோஸ் தயாரிப்பின் முக்கியமான நொதிகளான பாஸ்போஈனால்பைருவேட் கார்பாக்சிகைனேஸ், குளுக்கோஸ் 6 பாஸ்படேஸ் இரண்டும் கூடுகின்றன. கொழுப்பும் அதிகமாகக் கரைவதால் மூலப்பொருளும் நிறைய வந்து சேர்கிறது. இன்சுலின் அடக்கினாலும் ஈரல் முன்போல அடங்குவதில்லை. மூளை வழியாகவும் இது நடக்கிறது. எலிகளின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் டி3 செலுத்தியபோது, நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் வழியாக ஈரலின் குளுக்கோஸ் உற்பத்தி கூடியதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் தைராய்டு மிகையாகச் சுரக்கும் ஒருவருக்கு, நன்றாக இருந்த சுகர் திடீரென்று கட்டுக்கு அடங்காமல் போகிறது. உணவில் தப்பு நடந்ததாக வீட்டார் அவரைத் திட்டுவதைவிட, ஒரு ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

சுரப்பு குறைந்தால் நிலைமை தலைகீழ். ஈரல் குறைவாகக் கொடுக்கும், போட்ட இன்சுலினும் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.

இனி நான் மிகவும் வியக்கிற ஒரு சொந்தக்காரர். 2004இல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்கேன்லன் குழுவினர் 3 அயோடோதைரோனமைன் என்ற பொருளைப் பற்றி எழுதினார்கள். தைராக்சினின் உறவுதான், ஆனால் ஒரே ஒரு அயோடின், அமிலப் பகுதியும் இல்லை. எலிக்குச் செலுத்தியதும் உடல் சூடு இறங்கியது, இதயத் துடிப்பு மெதுவானது. டி3 செய்வதற்கு நேர் எதிர். அப்படியானால் சர்க்கரையும் இறங்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? ஏறியது! இன்சுலின் குறைந்து, குளுக்ககான் கூடியது. எலியின் ஈரலைத் தனியே எடுத்து, குளுக்கோஸ் செய்வதற்கான மூலப்பொருளாக லாக்டேட்டும் பைருவேட்டும் கொடுத்துச் சோதித்தபோதும் குளுக்கோஸ் கூடுதலாக வெளிவந்தது. இது டி3 சேரும் உட்கரு ஏற்பியைத் தேடிப் போவதில்லை, செல்லில் வேறு ஏற்பிகளைப் பிடிக்கிறது. இவையெல்லாம் விலங்கு ஆய்வுகள், மனிதருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் "தைராய்டு சொந்தம்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்கு இது போதும்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், எடை குறைக்க, கொழுப்பைக் கரைக்க என்று டி3, இரண்டு அயோடின் உள்ள டி2 இவை கலந்த மாத்திரைகள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. நம் பிள்ளைகள் ஜிம்மில் கேள்விப்பட்டு வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கொலஸ்ட்ராலைக் குறைக்க, தைராக்சினின் கண்ணாடிப் பிம்பம் போன்ற டெக்ஸ்ட்ரோ தைராக்சினைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்காவின் பெரிய இதய ஆய்வில், அந்த மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 1970களின் தொடக்கத்தில் அதை நிறுத்த வேண்டி வந்தது.

அப்புறம் ஆய்வாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். இதயத்தில் அதிகம் இருப்பது ஆல்பா ஏற்பி, ஈரலில் பீட்டா. பீட்டாவை மட்டும் குறிவைக்கும் ரெஸ்மெடிரோம் என்ற மருந்துக்கு 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கொழுப்பு சேர்ந்து அழற்சியாகி, ஓரளவு தழும்பும் விழுந்த ஈரலுக்கான மருந்து அது, ஈரல் முற்றிலும் தழும்பாகி இறுகும் சிரோசிஸ் நிலைக்குப் போனவர்களுக்கு அல்ல. 966 பேர் பங்கேற்ற ஆய்வில், ஓராண்டில் 100 மில்லிகிராம் எடுத்தவர்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு ஈரல் அழற்சி நீங்கியது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம்கூட இல்லை. இது சர்க்கரைக்கான மருந்து அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மரச்சீனி பற்றியும் கேட்பீர்கள். அதிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட், தைராய்டு அயோடினை இழுப்பதைத் தடுக்கும். அயோடின் குறைவான இடங்களில்தான் அது பெரிய தொல்லை. அயோடின் உப்பும் கடல்மீனும் சேர்க்கிற வீட்டில், அவித்து நீரை வடித்துச் சாப்பிட்டால் தைராய்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். சுகர் உள்ளவர்கள் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது மாவுச்சத்துதானே.

தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, சாயாவுக்கும் காப்பிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். தைராய்டு மருந்தை மருத்துவர் புதிதாகத் தொடங்கினாலும் அளவை மாற்றினாலும், அடுத்த சில வாரங்கள் சுகரை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள். அந்தக் கணக்கை எழுதிவைத்து, சுகருக்குப் பார்க்கும் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

வணக்கம்.