தேவதாருத் தெருவில் விளக்கு பார்க்கப் போனோம்

வணக்கம் நேயர்களே.

கலிஃபோர்னியாவில் பாசடீனா என்ற ஊரில் நாங்கள் குடியிருக்கிறோம். அதற்கு வடக்கே, மலையடிவாரத்தில் ஆல்டடீனா. அங்கே சாந்தா ரோசா அவென்யூ என்று ஒரு தெரு உண்டு. டிசம்பர் மாதம் இருட்டிய பிறகு அதற்குள் கார் நுழைந்தால் ஹெட்லைட்டை அணைத்துவிட வேண்டும். அது அந்தத் தெருவின் வழக்கம். முதல் வருஷம் எங்களுக்கு அது தெரியாது. எங்கள் வண்டியில் இருட்டினால் விளக்கு தானாகவே எரியும், எந்தப் பொத்தானை அழுத்தினால் அணையும் என்று என் கணவர் தேடிக்கொண்டிருந்தார். நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று, ஜன்னல் பக்கம் குனிந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். விளக்கு அணைந்தது. அப்போதுதான் மேலே பார்த்தோம்.

இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள். கிளைகள் தெருவுக்கு மேலே வந்து ஒன்றோடொன்று கூடி நிற்கின்றன. அவற்றில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று குண்டு பல்புகள். தெரு மலையை நோக்கி ஏறிக்கொண்டே போகும். அதனால் கீழ்முனையில் நின்று பார்த்தால் விளக்குகள் படிப்படியாக மேலே போவது போல இருக்கும். நடைவேகத்தில்தான் போக முடியும். முன்னால் போகும் வண்டியும் இருட்டு, பின்னால் வரும் வண்டியும் இருட்டு. அப்போது நான்கு வயதாக இருந்த எங்கள் மகன், பேசுவதையே நிறுத்திவிட்டான்.

அதிலிருந்து வருஷம் தவறாமல் போகிறோம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பல ஊர்களில் குடும்பத்தோடு இப்படி விளக்கு பார்க்கப் போவார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் டைக்கர் ஹைட்ஸ் என்ற பகுதியைப் பார்க்கப் பேருந்து வைத்துக் கூட்டிப்போகிறார்கள். அங்கே வீட்டுக்கு வீடு அலங்காரம். எங்கள் ஆல்டடீனாவில் அலங்காரம் வீட்டுக்கு அல்ல, மரத்துக்கு. எனக்கு இதுதான் பிடிக்கும். இன்னார் வீட்டு விளக்கு என்று எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு வருஷம் என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். வண்டியை ஒரு பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு நடந்தோம். "இது என்ன மரம்?" என்று கேட்டார். மகன் ஃபோனில் பார்த்து, "டியோடர், பாட்டி" என்றான். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். டியோடர், டியோடர். அப்புறம் சட்டென்று, "அட, தேவதாருடா!" என்றார். எண்ணெய் காய்ச்சுவதற்கு நாட்டு மருந்துக் கடையில் கட்டையாக வாங்கியிருக்கிறார். மரமாக அன்றுதான் பார்க்கிறார். இமயமலை மரம், பெயரும் நம்மூர்ப் பெயர், நிற்பது பசிபிக் கடலோர மாநிலத்தில்!

அது அங்கே வந்த கதை வேடிக்கையானது. ஆல்டடீனாவை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜான் வுட்பரி. இத்தாலிக்குப் போனபோது அங்கே தேவதாரு மரங்களைப் பார்த்து மயங்கி, விதை கொண்டுவந்தார். இரண்டு வருஷம் நாற்றாக வளர்த்து 1885-இல் நட்டார்கள். எதற்காகத் தெரியுமா? தான் கட்டப்போகும் மாளிகைக்குப் போகிற வழிக்கு அழகாக இருக்கட்டும் என்று. நிலத்தின் விலை விழுந்தது, மாளிகை கட்டப்படவே இல்லை. வழி மட்டும் மிஞ்சியது.

1920-இல் பாசடீனாவில் கடை வைத்திருந்த ஃபிரெடரிக் நாஷ் என்பவர், கிவானிஸ் என்ற பொதுச்சேவை அமைப்பின் உள்ளூர்ச் சங்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு இந்த மரங்களில் மின்விளக்குப் போட்டார். அன்றைக்கு அது எப்பேர்ப்பட்ட காட்சி என்று யோசித்துப் பாருங்கள். மின்விளக்கு போட்ட முதல் கிறிஸ்துமஸ் மரமே 1882-இல்தான் வந்தது. எடிசனோடு வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் தன் வீட்டில் 80 பல்புகளோடு வைத்த மரம் அது. அதற்கு முன்னால் மரத்தில் மெழுகுவர்த்திதான். 1920-இலும் பல வீடுகளுக்கு மின்சாரம் புதுசு, காரும் புதுசு. இரண்டையும் சேர்த்து அனுபவிக்க ஊரே திரண்டிருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விளக்கு ஏற்றவில்லை. மற்றபடி நூறு வருஷத்துக்கு மேலாக இந்த வழக்கம் நடக்கிறது.

இதை ஏற்றுவது யார் என்பதை நான் அவசியம் சொல்ல வேண்டும். ஒரு சங்கம் இருக்கிறது, அதில் தொண்டர்கள். டிசம்பருக்கு நெடுநாள் முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். வார விடுமுறைகளில் வந்து, பல்புச் சரத்தைத் தரையில் விரித்து, ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்த்து, எரியாததை மாற்றி, பிறகு கயிறு போட்டு மரத்தின் மேலே இழுப்பார்கள். ஒருமுறை நாங்களும் உதவப் போனோம். கீழே நின்று கயிறு பிடிப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. தேவதாருவின் கிளை நுனி கீழ்நோக்கித் தொங்கும். சரம் அதில் போய்ச் சிக்கிக்கொள்ளும். தளர்த்தி, ஆட்டி, மறுபடி இழுக்க வேண்டும். ஒரே மரத்துக்கு எத்தனை நேரம்! பக்கத்தில் கயிறு பிடித்திருந்த அம்மா, தன் அப்பாவோடு சின்ன வயதில் இதே வேலைக்கு வந்ததாகச் சொன்னார். வண்டியில் ஏறி இருபது நிமிஷத்தில் பார்த்துவிட்டுத் திரும்பும் நமக்கு இது தெரிவதே இல்லை.

மாமியார் அன்று இன்னொன்றும் சொன்னார். "நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போற மாதிரிதான். ஆனா அதுக்கு வெத்திலை பாக்கு வச்சு அழைக்கணும். இங்க யார் வேணும்னாலும் வந்து பாத்துட்டுப் போகலாம்." தரையில் கிடந்த ஒரு காயையும் எடுத்துக்கொண்டார். தேவதாருக் காய் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். நுனி மட்டும் முழுசாக விழும், பார்த்தால் மரத்தில் செதுக்கிய ரோஜாப்பூ போலவே இருக்கும். அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோனார். இன்றைக்கும் அது பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

2025 ஜனவரி 7-ஆம் தேதி மாலை. பேய்க்காற்று. மலைப்பக்கம் பற்றிய தீ ராத்திரியோடு ராத்திரியாக ஆல்டடீனாவுக்குள் இறங்கிவிட்டது. ஈட்டன் தீ என்று அதற்குப் பெயர். 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன, 19 பேர் இறந்தார்கள். வேறு இடங்களில் வீடு வாங்கவே முடியாமல் தடுக்கப்பட்ட காலத்தில், கறுப்பின மக்கள் பாடுபட்டுச் சொந்த வீடு வாங்கித் தலைமுறையாக வாழ்ந்த ஊர் அது. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மகனோடு படித்த பையனின் வீடு போய்விட்டது. அவன் தாத்தா கட்டிய வீடு.

தேவதாரு மரங்கள் பெரும்பாலும் தப்பின. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாததால் விளக்குச் சரங்கள் அவற்றில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. அது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், அன்றைக்கு இல்லை. வீடு போய் மரம் நின்றால் அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தோன்றியது.

அந்த வருஷ டிசம்பரில் மறுபடி விளக்கு ஏற்றினார்கள். போகலாமா, போவது சரியா என்று எங்களுக்குத் தயக்கம். ஊர் இழவு வீடு மாதிரி இருக்கும்போது வேடிக்கை பார்க்கப் போவதா? அந்தப் பையனின் அம்மாவிடமே கேட்டேன். "எப்போதும் போல வாருங்கள். வண்டியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம்" என்றார்.

போனோம். வீடு இல்லை. சாம்பலும் இடிபாடும் அள்ளிச் சுத்தம் செய்த வெறும் மனை. வாசலில் வண்டி ஏற்றும் சிமெண்ட் தளம் மட்டும் அப்படியே இருந்தது. அதில் எங்களுக்கு இடம் விட்டு ஓரமாகத் தங்கள் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். ஃபிளாஸ்க்கில் சூடாகச் சாக்லேட் பானம் கொண்டுவந்திருந்தார். தெருவிளக்கு சரியாக இல்லை. "பார்த்து நடங்கள், இங்கே ஒரு படி இருந்தது" என்று சொல்லிக்கொண்டு பையன் முன்னால் நடந்தான். இரண்டு தெரு தள்ளி, இருட்டுக்கு மேலே, சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தது.

வணக்கம்.