கடுப்பா, குடைச்சலா?

நேயர்களுக்கு வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். வலி என்று வருகிறவர்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் பலர் அந்தச் சொல்லை லேசில் சொல்ல மாட்டார்கள்.

முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவர் வந்தார். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். "ரெண்டு போடுங்க சார்" என்றார். தோளில் விரல் பட்டதும் கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டுன்னு சொன்னியளே?"

"பிள்ளை பெத்தது வலி சார். இது வெறும் கடுப்பு. இதுக்குப் போய் படுத்தா, தட்டுல இலை அப்படியேல்லா கிடக்கும்?"

அவர் பொய் சொல்லவில்லை. காயம் அனுப்பும் சேதியைத் தண்டுவடத்தில் ஒரு கதவு கூட்டவோ குறைக்கவோ செய்கிறது, அந்தக் கதவுக்கு மூளையின் உத்தரவும் உண்டு என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். இரண்டாம் உலகப் போரில் பலத்த காயம்பட்ட சிப்பாய்களைக் கவனித்த பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், வலி மருந்து வேண்டுமென்று சொன்னவர்கள் கால்வாசிப் பேர்தான் என்று 1946இல் எழுதினார். அவர் கண்ட காரணம், காயம் பட்டால் போர்முனையிலிருந்து தப்பிக்கலாம் என்ற நிம்மதி.

நமக்கு இது புதிதா என்ன? எங்கள் ஊர்க் கோயில் கொடையில் தீச்சட்டி எடுத்த அண்ணாச்சி, மறுவாரம் ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடிப்பு என்று சிரிக்காதீர்கள், இரண்டு நாளும் அவர் உடம்பு சொன்னது உண்மைதான்.

அப்புறம் இந்தச் சுளுக்கு. கால் முந்திப் பிறந்தவர் மிதித்தால் சரியாகும் என்பார்கள். நம்பிக்கையே வலியைக் குறைக்கும் என்பது மெய். பல் பிடுங்கியவர்களுக்கு வெறும் போலி மருந்து கொடுத்துப் பார்த்த 1978 ஆய்வு, உடம்பே சுரக்கும் வலியடக்கிக்கு அதில் பங்குண்டு என்று காட்டியது. ஆனால் எலும்பில் விரிசல் இருந்தால் மிதி வினையாகிவிடும். வீக்கம் பெரிதாக இருந்தாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ முதலில் எக்ஸ்ரே. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

மறுமுறை அந்த அம்மா வந்தபோது மார்க் கேட்கவில்லை. குத்துதா, குடையுதா, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரி குடைச்சல் சார். நாலு மாசமா ஒழுங்கா தூங்கல."