டெபி எங்கே?

நண்பர்களே, வணக்கம். ஜான் ஃபோர்டு இயக்கி 1956இல் வெளிவந்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தை இப்போதுதான் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். 2008இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெஸ்டர்ன் படங்களில், அதாவது பழைய அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகளில், முதலிடம் கொடுத்தது இதற்குத்தான். எனக்கு இது பெரிய ஏமாற்றம். ஏன் என்று சொல்லத்தான் எழுந்து வந்தேன்.

முதலில் ஒரு காட்சி. கதாநாயகன் ஈதன் கிளம்பப் போகிறான். உள்ளறையில் அவனுடைய உடன்பிறந்தவன் மனைவி மார்த்தா, அவன் மேலங்கியை எடுத்து மெதுவாகத் தடவிக் கொடுக்கிறாள். கதவு திறந்திருக்கிறது. இந்தப் பக்கம் பாதிரியார் நின்றபடி காபி குடிக்கிறார். அவர் பார்வை அந்த அறைப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை பேசாமலே, அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது என்ன என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. இப்படி எடுக்கத் தெரிந்தவர் ஃபோர்டு. அதனால்தான் எனக்கு ஆற்றாமை.

கதை 1868இல் டெக்சாஸில் தொடங்குகிறது. கொமாஞ்சிகள் என்ற பூர்வகுடியினர் மார்த்தாவின் வீட்டைத் தாக்கி, அவள் மகளான சிறுமி டெபியைத் தூக்கிப் போகிறார்கள். ஈதனும், அந்த வீட்டில் வளர்ப்பு மகனாக இருந்த மார்ட்டினும் ஆண்டுக்கணக்கில் தேடுகிறார்கள். அந்தக் காலம் முழுக்க ஈதனின் வெறுப்பைப் பார்க்கிறோம், மார்ட்டினின் காதலைப் பார்க்கிறோம், கல்யாண வீட்டு அடிதடியைக்கூடப் பார்க்கிறோம். டெபி யார் மடியில் அழுதாள்? அவளுக்கு யார் தலை வாரிவிட்டார்கள்? அந்த மொழி அவள் வாயில் எப்போது ஏறியது? ஒரு ஷாட் கிடையாது. கண்டுபிடித்தபோது, 'இவர்கள்தான் என் மக்கள், நீ போய்விடு' என்று மார்ட்டினிடம் சொல்கிறாள். அப்புறம் அதே மார்ட்டின் வந்து கூப்பிட்டதும் சரி என்கிறாள். நடுவில் அந்த மனம் பட்ட பாடு என்ன?

கொமாஞ்சிகளுக்கும் இதே கதிதான். தலைவன் ஸ்கார் வேடத்தில் பெர்லினில் பிறந்த ஹென்றி பிராண்டன். லுக் என்ற கொமாஞ்சிப் பெண்ணை மார்ட்டின் எட்டி உதைக்க, அவள் மேட்டிலிருந்து உருண்டு போகிறாள். நாம் சிரிப்பதற்காக வைத்த காட்சி அது. பிறகு, குதிரைப்படை அழித்த குடியிருப்பில் அவள் பிணமாகக் கிடக்கிறாள். நம் சிரிப்பைக் குற்றமாக்கத்தான் அப்படி வைத்தார் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. செத்த பிறகுதானா அவள் மனுஷி ஆக வேண்டும்?

நிஜத்தில் நடந்தது ஒன்று இருக்கிறது. சிந்தியா ஆன் பார்க்கர் 1836இல் டெக்சாஸில் கொமாஞ்சிகளிடம் சிக்கியபோது அவளுக்குச் சுமார் ஒன்பது வயது. 24 ஆண்டுகள் அவர்களில் ஒருத்தியாகவே வாழ்ந்து, மூன்று பிள்ளைகள் பெற்றாள். 1860இல் வெள்ளையர்கள் அவளையும் கைக்குழந்தையையும் 'மீட்டு' வந்தார்கள். அவளோ தப்பி ஓடப் பார்த்தாள். இரண்டு மகன்கள் அங்கேயல்லவா இருந்தார்கள்!

கடைசிக் காட்சியில் கதவுக்கு வெளியே ஈதன் தனியாக நிற்பதைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்பு டெபியை அந்த வீட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள். அது அவள் வீடுகூட இல்லை, பக்கத்துக் குடும்பத்தின் வீடு. நம்மைத் தாண்டி இருட்டுக்குள் போகிறாள். கேமரா அவள் பின்னால் திரும்பவில்லை.