கால் பங்கு ஆசிரியருக்கு, முக்கால் பங்கு எங்களுக்கு

நடுவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்து அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் என் சக மாணவ மாணவியரே, எல்லோருக்கும் வணக்கம்.

மேல்நிலை வகுப்பில் ஒரு மாணவர் பெரிதும் கற்று வளர்வது ஆசிரியராலா, சக மாணவராலா என்பது தலைப்பு. சக மாணவரால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். நடுவர் எங்கள் தமிழம்மா. பாடத்துக்குப் பத்து என்று போடுகிற அகமதிப்பீட்டு மதிப்பெண் இன்னும் போட்டு முடியவில்லை. இந்த நேரத்தில் இந்த அணியில் நின்று பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதையும் தீர்ப்பு எழுதும்போது அம்மா கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதிரணித் தலைவர் 'எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் நாம் பேசுவது ஒன்றாம் வகுப்பைப் பற்றி இல்லையே! எழுத்தெல்லாம் அறிந்து, பத்தாம் வகுப்பு எழுதிப் பாஸாகி, வேறொரு பள்ளியிலிருந்து பிளஸ் ஒன்னுக்கு வந்து யார் முகமும் தெரியாமல் நிற்கிறவளைப் பற்றி. அடுத்து வந்த தம்பி, 'மாதா பிதா குரு தெய்வம் என்ற வரிசையில் நண்பன் எங்கே?' என்று மடக்கினார். சரி, திருக்குறளைப் புரட்டுவோம். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரம், ஐம்பது குறள். ஆசிரியர் என்று ஓர் அதிகாரம் இருக்கிறதா? 133-லும் தேடிப் பாருங்கள். முன்வரிசை கோபிக்க வேண்டாம். கல்வி, கேள்வி என்று அதிகாரங்கள் உண்டு, அவற்றுக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். பெயர்ப்பலகைதான் இல்லை.

வள்ளுவரை விடுங்கள், அவர் எல்லா அணிக்கும் பேசுவார். இந்தத் தலைப்புக்கே நேராகத் தீர்ப்புச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். அவரே ஆசிரியர், அவருடைய தமிழ் இலக்கண நூலின் முன்னுரையான பாயிரமோ ஆசிரியர் எப்படி, மாணவர் எப்படி என்று வரிசையாகச் சொல்கிறது. அவர் நமக்குச் சாதகமாகப் பேச ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் எழுதினார்:

'ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும்
காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்.'

ஆசிரியர் சொன்னதை ஒன்று விடாமல் நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும். கவனியுங்கள், கவனிக்காத மாணவனுக்குக் கால் பங்கு என்று சொல்லவில்லை, முழுசாகக் கவனித்தவனுக்கே கால் பங்கு! மீதி முக்கால்? அடுத்த நூற்பாவில் வருகிறது. கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசும்போது இன்னொரு கால். கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போது மிச்சம் இருக்கிற அரை.

இங்கே எதிரணி எழுந்து, 'எடுத்துச் சொல்கிறவன் ஆசிரியன் ஆகிவிட்டான், அந்த அரைப் பங்கு எங்களுக்கு' என்று கேட்கும் என்று தெரியும். கேளுங்கள். நாங்கள் யாருக்கு எடுத்துச் சொல்கிறோம்? கணக்குப் பதிவியல் அம்மாவுக்கா போய்ச் சொல்லிக் கொடுக்கிறோம்? பக்கத்து பெஞ்சுக்காரிக்குத்தான். அவள் உட்கார்ந்து கேட்டால்தான் அந்த அரை வரும். 'ஏன்?' என்று கேட்டால் இன்னும் நன்றாக வரும்.

அந்த 'ஏன்' எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பிளஸ் டூ கணக்குப் பதிவியலில் கூட்டாளி சேர்ப்பு என்று ஒரு பாடம். அதில் தியாக விகிதம் வரும். பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழி என்பது சூத்திரம். நான் அதை மனப்பாடமாக வைத்து எல்லாக் கணக்கையும் போட்டுவிடுவேன். மாலைச் சிறப்பு வகுப்பில் என் தோழிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, 'ஏண்டி, இதுக்கு ஏன் தியாகம்னு பேரு? யாரு யாருக்குத் தியாகம் பண்றா?' என்று கேட்டாள். எந்தத் தேர்விலும் யாரும் கேட்காத கேள்வி. நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு அவளே யோசித்தாள். அவள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கடை நடத்துகிறார்கள். 'நூறு ரூபா லாபம் வந்தா அப்பாவுக்கு அறுபது, சித்தப்பாவுக்கு நாப்பது. அத்தை பையன் அஞ்சுல ஒரு பங்குக்கு உள்ள வர்றான்னு வெச்சுக்கோ. அவனோட இருபது ரூபா வானத்துலேருந்தா வரும்? மிச்ச எண்பதை இவங்க பழையபடி மூணுக்கு ரெண்டுன்னு பிரிச்சா நாப்பத்தெட்டு, முப்பத்திரண்டு. அப்பாவுக்குப் பன்னெண்டு போச்சு, சித்தப்பாவுக்கு எட்டுப் போச்சு. அதுதான் தியாகமா?' என்றாள். பன்னிரண்டுக்கு எட்டு, அதாவது மூன்றுக்கு இரண்டு. அப்புறம் கடை ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கிற நற்பெயருக்கு என்று புதுக் கூட்டாளி ஏன் பணம் கொண்டுவருகிறார், அதை ஏன் அதே விகிதத்தில் இவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிட்டது. அவள் மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்தவள், நான் அவளுக்குக் குழுத் தலைவி. அந்தச் சாயங்காலம் யார் யாருக்குப் பாடம் நடத்தினார்கள் என்று நடுவர் தீர்மானிக்கட்டும்.

எங்களை இப்படி ஆளுக்கு நான்கு பேராகப் பிரித்து ஒப்படைத்தது யார்? ஆசிரியர்கள்தான். அவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒரு பெரிய மாணவன் இருப்பான், சின்னப் பிள்ளைகளுக்கு அவன்தான் சொல்லிக்கொடுப்பான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் இல்லத்தில் அதைச் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஒரு மாணவனையே அழைத்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். வேலை நடந்தது. ஊர் திரும்பி 1797-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் தொடங்கிய 'மெட்ராஸ் காலேஜ்' ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் பள்ளியாக நடக்கிறது. ஆசிரியர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கவும் அந்த முறை உதவியது, அதை நான் மறைக்கவில்லை. முன்வரிசை பயப்பட வேண்டாம், எங்கள் அணி அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

எதிரணியின் பலமான வாதம் ஒன்று உண்டு. 'கூடிப் படிக்கிறேன் என்று போய் ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்டார்கள். உண்டு, ஏன் இல்லாமல்? ஆனால் யாரோடு உட்கார்ந்தால் படிப்பு ஓடும், யாரோடு உட்கார்ந்தால் அரட்டை ஓடும் என்று பிரித்துப் பார்க்க எந்தப் பாடவேளையில் சொல்லித்தருகிறார்கள்? பட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம், அதுவும் இந்த இரண்டு வருடத்தில்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி வரலாற்றுப் புத்தகத்தில் பக்கம் முழுக்க மஞ்சள் பேனாவால் கோடு போட்டுவிடுவாள். வரிசை வரிசையாக மஞ்சள். பக்கத்தில் இருந்தவள் ஒருநாள் புத்தகத்தைப் பிடுங்கி மூடி வைத்துவிட்டு, 'இப்ப சொல்லு, இந்தப் பக்கத்துல என்ன இருந்துச்சு?' என்று கேட்டாள். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. சண்டை வந்தது, மதியம் வரை பேச்சுவார்த்தை இல்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் படித்ததும் மூடிவைத்து, ரஃப் நோட்டில் நினைவிலிருந்து எழுதிப் பார்க்க ஆரம்பித்தாள். இப்போது நாங்கள் பாதிப் பேர் அப்படித்தான் படிக்கிறோம். நாற்பத்தைந்து பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் மஞ்சள் கோட்டை ஆசிரியர் எப்படிப் பார்ப்பார்? எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. 'நகுதற் பொருட்டன்று நட்டல். மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு' என்று வள்ளுவர் சொன்னாரே, அந்த இடித்துரைக்கும் வேலையைப் பெஞ்சில் முழங்கை இடிக்கிற தூரத்தில் இருப்பவள்தான் செய்ய முடியும். ஆசிரியர் திட்டினால் பயப்படுகிறோம். தோழி திட்டினால் ரோஷம் வருகிறது, ரோஷம் வந்தால் மாற்றிக்கொள்கிறோம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து பேச வரும் எதிரணித் தோழிக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறேன். மதிய உணவு இடைவேளையில் நூலகத்துக்கு வெளியே உங்கள் அணி நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் குறிப்பை இன்னொருவர் திருத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். உங்கள் உரையை எந்த ஆசிரியர் எழுதித் தந்தார் என்று இந்த மேடையில் சொல்லுங்கள். நீங்களே கூடி உட்கார்ந்து தயாரித்தது என்றால், எங்கள் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

நன்றி, வணக்கம்.