ஜிம்மி விங்க்ஃபீல்ட்: இரண்டு டெர்பிகளுக்கு அப்புறம்

[திரையில்: கென்டக்கி டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

1902, வசந்த காலம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு லாயம். கென்டக்கி டெர்பி என்ற பெரிய குதிரைப் பந்தயத்துக்காக இரண்டு குதிரைகள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் பெயர் ஆலன்-ஏ-டேல், இன்னொன்று தி ரைவல். இரண்டுமே தாமஸ் மெக்டவல் என்பவருடையவை. அவற்றைக் காலையில் ஓட்டிப் பழக்குகிறவர் ஜிம்மி விங்க்ஃபீல்ட். வயது 20.

எந்தக் குதிரை வேகமானது என்பது விங்க்ஃபீல்டுக்கு நன்றாகத் தெரியும். ஆலன்-ஏ-டேல்தான். ஆனால் எதில் ஏறுவது என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை நாஷ் டர்னர் என்ற பெயர்பெற்ற வெள்ளைக்கார ஜாக்கிக்கு. அதனால் பயிற்சியின்போது விங்க்ஃபீல்ட் ஆலன்-ஏ-டேலின் கடிவாளத்தை இழுத்தே பிடித்தார். குதிரையின் முழு வேகத்தை யாருக்கும் காட்டவில்லை. டர்னர் பார்த்தார், தி ரைவல் போதும் என்றார்.

பந்தய நாள். நான்கே குதிரைகள், ஒன்றேகால் மைல் தூரம். ஆலன்-ஏ-டேல் ஆரம்பத்திலேயே முன்னால் போய்விட்டது. ஆனால் அதன் கால்கள் நம்பக்கூடியவை அல்ல. கடைசி நேர் ஓட்டத்தில் வலி எடுத்து, நொண்டுகிற மாதிரி ஓட ஆரம்பித்தது. பின்னால் மற்ற குதிரைகள் நெருங்கி வருகின்றன. இந்த இடத்தில் சவுக்கை எடுத்தால் குதிரை உடைந்துபோகும். விங்க்ஃபீல்டுக்குத் தரையும் தெரியும். தடத்தில் எங்கே மணல் ஆழமாகக் கிடக்கிறது என்று பார்த்து வைத்திருந்தார். தாண்ட வருகிறவர்களை அந்த மணல் பக்கம் ஒதுங்கவைத்தார். மணலில் கால் புதைந்தால் எந்தக் குதிரைக்கும் வேகம் போய்விடும். ஒரு மூக்கு நீள வித்தியாசத்தில் ஆலன்-ஏ-டேல் ஜெயித்தது. டர்னரின் தி ரைவலுக்கு மூன்றாம் இடம்.

முந்தைய ஆண்டு, 1901-லும் ஹிஸ் எமினன்ஸ் என்ற குதிரையில் டெர்பியை ஜெயித்தவர் இவர்தான். தொடர்ந்து இரண்டு டெர்பி.

[திரையில்: 1875, முதல் கென்டக்கி டெர்பி]

விங்க்ஃபீல்டைப் பற்றி எங்கே தேடினாலும் ஒரே வரிதான் வரும்: கென்டக்கி டெர்பியை ஜெயித்த கடைசிக் கறுப்பின ஜாக்கி. உண்மைதான். ஆனால் அந்த வரி 1902-இல் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் இன்னும் சுமார் 28 வருஷம் குதிரை ஏறினார். இந்த வீடியோவை நான் செய்வதற்குக் காரணமே அந்த வருஷங்கள்தான்.

முதலில் அந்தக் 'கடைசி' எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 1875-இல் நடந்த முதல் டெர்பியில் 15 ஜாக்கிகள். அதில் 13 பேர் கறுப்பின மக்கள். ஜெயித்த ஆலிவர் லூயிஸும் அவர்களில் ஒருவர். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கென்டக்கியில் அடிமை முறை இருந்த காலம் முழுக்கக் குதிரையைக் கழுவி, தீனி போட்டு, பழக்கி, ஓட்டியவர்கள் அவர்கள்தான். விடுதலைக்குப் பிறகும் அந்தத் தொழில் அவர்கள் கையில் இருந்தது. முதல் 28 டெர்பிகளில் 15-ஐ ஜெயித்தவர்கள் கறுப்பின ஜாக்கிகள்.

அப்புறம் பந்தயத்தில் பணம் பெருகியது. நல்ல ஜாக்கி என்றால் கைநிறையச் சம்பளம், பத்திரிகையில் பெயர். இன ஒதுக்கல் சட்டங்கள் தெற்கு மாநிலங்களை இறுக்கிய அதே காலம் அது. வெள்ளை ஜாக்கிகள் பலர் ஓட்டத்தின் நடுவிலேயே கறுப்பின ஜாக்கிகளை உள்பக்கத் தடுப்புக் கம்பியோடு சேர்த்து நெருக்கினார்கள், சவுக்கால் அடித்தார்கள். தோற்றாலும் பரவாயில்லை, இவன் ஜெயிக்கக்கூடாது என்கிற கணக்கு. காயம் பட்ட குதிரையால் நஷ்டம் யாருக்கு? சொந்தக்காரருக்கு. அதனால் சொந்தக்காரர்களே மெல்லக் கறுப்பின ஜாக்கிகளை எடுப்பதை நிறுத்தினார்கள். 1921-க்கு அப்புறம் 2000 வரை கென்டக்கி டெர்பியில் ஒரு கறுப்பின ஜாக்கிகூடக் கிடையாது.

[திரையில்: லெக்சிங்டன் அருகே வயல்கள்]

விங்க்ஃபீல்ட் பிறந்தது 1882-இல், லெக்சிங்டன் அருகே சைல்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில். குத்தகை விவசாயம் செய்த குடும்பம். 17 பிள்ளைகளில் கடைக்குட்டி. 16 வயதில், 1898 ஆகஸ்டில், சிகாகோவில் முதல் பந்தயம். கிளம்பியதுமே எல்லாருக்கும் குறுக்கே பாய்ந்து உள்பக்கத்துக்குப் போகப் பார்த்தார். குதிரைகள் மோதி விழுந்தன. ஒரு வருஷத் தடை. அந்தப் பையன்தான் நாலே வருஷத்தில் மணலைப் பார்த்து ஓட்டுகிற ஆளாக மாறினார். யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை அது.

1903 டெர்பியை மட்டும் மறக்காதீர்கள், கடைசியில் அதற்குத் திரும்ப வருவோம். குதிரையின் பெயர் எர்லி. மூன்றாவது முறையும் ஜெயித்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். விங்க்ஃபீல்ட் கொஞ்சம் முன்கூட்டியே குதிரையை விரட்டிவிட்டார். கடைசித் தூரத்தில் எர்லிக்கு மூச்சு இல்லை. ஜட்ஜ் ஹைம்ஸ் என்ற குதிரை தாண்டிப் போனது. இரண்டாம் இடம்.

அதே ஆண்டு இன்னொரு தவறு. நியூயார்க்கின் ஃபியூச்சுரிட்டி பந்தயத்தில் ஜான் மேடன் என்ற செல்வாக்கு மிக்க குதிரைக்காரருக்கு ஓட்டுவதாக ஒப்புக்கொண்டவர், 3,000 டாலர் தருகிறேன் என்று இன்னொருவர் சொன்னதும் அங்கே போய்விட்டார். வாக்கை மீறியது தப்புதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தண்டனை அந்தத் தப்பின் அளவில் இல்லை. மேடனின் கோபத்துக்குப் பிறகு நல்ல குதிரைகள் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

[திரையில்: மாஸ்கோ, பனி, குதிரை வண்டிகள்]

1904-இல் கப்பலேறினார். போன இடம் ஜார் ஆண்ட ரஷ்யா. பாஷை தெரியாது. ஆனால் குதிரையின் பாஷைக்கு நாடு ஏது? முதல் சீசனிலேயே அங்கே முன்னணி ஜாக்கி. மாஸ்கோவின் டெர்பி, வார்சாவின் டெர்பி என்று பெரிய பந்தயங்களை ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஜெயித்தார். பின்னால் லியோன் மாண்டாஷெவ் என்ற ஆர்மீனிய எண்ணெய் முதலாளி அவரை எடுத்துக்கொண்டார். ஆண்டுக்கு 25,000 ரூபிள், அதோடு பரிசுத்தொகையில் பத்து சதவீதம். மாஸ்கோவின் நேஷனல் ஹோட்டலில் தங்கல், துணிமணி பார்த்துக்கொள்ள ஒரு உதவியாளர். ரஷ்யப் பெண் ஒருவரைத் திருமணம் செய்தார். இதில் எதுவும் அன்றைய கென்டக்கியில் அவருக்குக் கனவில்கூட நடந்திருக்காது.

1917-இல் புரட்சி. மாஸ்கோவில் பந்தயம் நின்றது. குதிரைக்காரர்கள் கருங்கடல் ஓரம் ஒடெசாவுக்குப் போனார்கள். 1919 ஏப்ரலில் செம்படை அங்கேயும் நெருங்கியது. மிச்சம் இருந்த ஒரே வழி, குதிரைகளை ஓட்டிக்கொண்டு கிளம்புவது.

இதைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள். பந்தயக் குதிரை என்பது இரண்டு நிமிஷ ஓட்டத்துக்காக வளர்க்கப்படுவது. மெல்லிய கால், மெல்லிய தோல். நல்ல ஓட்ஸ் வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும், லாடம் தேய்ந்தால் நொண்டும், சத்தம் கேட்டால் மிரளும். அப்படிப்பட்ட 200-க்கும் அதிகமான குதிரைகள். கூடவே ஜாக்கிகள், ட்ரெயினர்கள், அவர்களின் குடும்பங்கள். போகிற இடம் வார்சா, ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். ருமேனியா வழியாக, மலைப்பாதைகளில், போர் அடங்காத நாடுகளின் ஊடே. பசி தாங்காமல் சில குதிரைகளை அடித்துச் சாப்பிட வேண்டியிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த குதிரையைச் சாப்பிடுவது என்றால் என்ன என்று என்னால் யோசிக்கவே முடியவில்லை. கோடையில் வார்சா போய்ச் சேர்ந்தபோது பெரும்பாலான குதிரைகள் உயிரோடு இருந்தன. என்னைக் கேட்டால், விங்க்ஃபீல்டின் ஆகப் பெரிய சவாரி இதுதான்.

[திரையில்: பாரிஸ் அருகே மேஸோன்-லஃபீத்]

அடுத்து பிரான்ஸ். அங்கேயும் பெரிய பந்தயங்களை ஜெயித்தார். பாரிஸ் அருகே மேஸோன்-லஃபீத் என்ற ஊரில் வீடும் லாயமும் அமைத்துக்கொண்டார். 48 வயது வாக்கில் சவாரியை விட்டார். மொத்த வெற்றிகள் 2,500-க்கும் மேல் என்று சொல்கிறார்கள். பிறகு ட்ரெயினர் ஆனார்.

1940-இல் ஜெர்மானியப் படை வந்தது, லாயத்தை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களை ஜெயித்த மனிதர், கிட்டத்தட்ட 60 வயதில், நியூயார்க்கில் கையில் துளைக்கருவியோடு ரோடு உடைத்தார். பிறகு தெற்கு கரோலினாவில் ஒரு லாயத்தில் வேலை. காசு சேர்த்து, 1953-இல் மறுபடி பிரான்ஸ். 1974-இல் அங்கேயே, 91 வயதில் காலமானார். அமெரிக்கப் பந்தயப் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2004-இல்தான்.

[திரையில்: லூயிவில், 1961]

இடையில் ஒரு முறை கென்டக்கி வந்தார். 1961, டெர்பிக்கு முந்தைய விருந்து. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் அழைப்பில், மகள் லிலியானுடன், லூயிவிலின் பிரவுன் ஹோட்டலுக்குப் போனார். முன்வாசல் வழியாக உள்ளே விட முடியாது என்றார்கள். அழைப்பு இருக்கிறது என்று சொல்லி, அப்பாவும் மகளும் அங்கேயே நின்றார்கள். நேரம் போனது. ஒருவழியாக உள்ளே விட்டார்கள். உள்ளே அவர்களோடு பேச ஆளே இல்லை. 1913 டெர்பியை ஜெயித்த வெள்ளைக்கார ஜாக்கி ராஸ்கோ கூஸ் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். இரண்டு பழைய ஜாக்கிகள், பேசக் குதிரைக்கதைக்கா பஞ்சம்?

டெர்பி நாள், சனிக்கிழமை, சர்ச்சில் டவுன்ஸ். 79 வயது விங்க்ஃபீல்ட் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறார். கேரி பேக் என்ற குதிரை கூட்டத்துக்குப் பின்னால், ரொம்பத் தொலைவில் வருகிறது. அதன் ஜாக்கி ஜானி செல்லர்ஸ் அவசரப்படவில்லை. கடைசி நேர் ஓட்டம் வருகிறவரை பொறுத்திருந்து, அப்புறம்தான் விரட்டினார். முன்னால் போய்க்கொண்டிருந்த க்ரோஷியர் என்ற குதிரையைக் கோட்டுக்குப் பக்கத்தில் தாண்டி, முக்கால் குதிரை நீளத்தில் கேரி பேக் ஜெயித்தது. 1903-இல் எர்லி மூச்சு வாங்கித் தோற்ற அதே தடம்.