பேசாத பிள்ளைக்கும் சொல்ல இருக்கிறது

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்வித்துறை அதிகாரி அவர்களே, எனக்கு முன்னால் அருமையாக உரையாற்றிய குழந்தை நல மருத்துவர் அம்மையார் அவர்களே, இந்த அரங்கைக் கட்டணமின்றித் தந்துதவிய பள்ளித் தாளாளர் அவர்களே, கேட்டுக்கொண்டதும் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து வைத்த தம்பி அவர்களே, எல்லாருக்கும் மேலாக, பிள்ளை எழுந்து ஓடினால் உடனே கூடவே ஓட வேண்டும் என்பதற்காகக் கடைசி வரிசையில் வாசலை ஒட்டி அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். கூட்டம் தொடங்கும்போதே, "இன்று யாரும் கைதட்ட வேண்டாம், இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தால் போதும்" என்று அறிவித்தார். எத்தனையோ மேடைகளில் ஆட்டிசம் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு முடிந்ததும் எழும் கைதட்டலைத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவது, யாரைப் பற்றிப் பேசினார்களோ அந்தப் பிள்ளைதான். இந்த அவையில் அது நடக்காது. தாளாளர் அவர்கள் மேடைக்குப் பக்கத்து அறையை விளக்கணைத்து, பாய் விரித்து, "யாருக்கு வேண்டுமானாலும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். அவருக்கும் நன்றி.

ஆட்டிசம் என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுகொள்வது, இந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு அவர்கள் வாழ்க்கை என்ன என்ற மூன்றையும் நான் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். முடிந்தவரை சொல்கிறேன். ஆனால் எங்கே போனாலும் நான் விடாமல் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. அழுத பிள்ளை பால் குடிக்கும். இன்று என் பேச்சு முழுவதும் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

ஆட்டிசம் தொற்றுநோய் அன்று, பேய் பிடித்ததும் அன்று. மூளை வளரும் விதத்தில் பிறப்புக்கு முன்பே அமைந்துவிடும் வேறுபாடு. 2021-இல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு அது இருந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பிறரோடு பழகுவதிலும் எண்ணத்தைப் பரிமாறிக்கொள்வதிலும் சிரமம் இருக்கும். கூடவே, செய்ததையே திரும்பச் செய்தல், சிறு மாற்றத்தையும் தாங்க முடியாமை, ஒலியையும் ஒளியையும் தொடுதலையும் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்தல் ஆகியவையும் இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டபோது, தனித்தனிப் பெயர்களில் இருந்தவற்றை ஒன்றாக்கி, ஆட்டிசம் நிறமாலைக் குறைபாடு என்று ஒரே தலைப்பில் வைத்தது. ஒருவர் கணினித் துறையில் பட்டம் வாங்கியிருப்பார். நெரிசலான பஸ்ஸில் ஏறினால் அவருக்கு உடம்பே நடுங்கும். இன்னொருவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லமாட்டார். நீங்கள் அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுவது ஒரு சொல் விடாமல் அவருக்குப் புரியும். "லேசான ஆட்டிசமா, கடுமையான ஆட்டிசமா?" என்று கேட்பவர்களிடம், இவர்களில் யார் லேசு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

காரணம் என்ன என்று கேட்டுத் தாய்மார்களை வதைத்த காலம் ஒன்று இருந்தது. தாய் அன்பு காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று படித்தவர்களே எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் அதை மறுத்து நூல் எழுதினார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, இதில் மரபணுவின் பங்கு பெரிது என்று காட்டினார்கள். பிறகு பழி, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிமேல் விழுந்தது. வெறும் 12 குழந்தைகளை வைத்து 1998-இல் வெளியாகி அந்தப் பழியைக் கிளப்பிய கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வந்த ஆய்வும் அந்தத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்றே சொன்னது. தாய்மார்களே, உங்கள்மேல் குற்றமில்லை. இதை எத்தனை மேடையில் வேண்டுமானாலும் சொல்வேன்.

கண்டுகொள்வது பற்றி அம்மையார் விரிவாகச் சொல்லிவிட்டார். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் தனக்குப் பிடித்ததை விரலால் சுட்டி உங்களுக்குக் காட்டாதது, இருந்த சில சொற்களும் மறைந்துபோவது, இவற்றில் எதைக் கண்டாலும் "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்று காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அந்த 11 பேரில் முதலாவதாக வரும் சிறுவன் டொனால்ட் டிரிப்லெட். வளர்ந்து, கல்லூரியில் பட்டம் பெற்று, வங்கியில் வேலை பார்த்து, 2023-இல் தம் 89-ஆம் வயதில் காலமானார். அவரைப் பற்றி நூலே வந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அதே கட்டுரையில் பேச்சே வராத பிள்ளைகள் மூவர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? அழுத பிள்ளை பால் குடிக்கும். பேசிய பிள்ளை வரலாற்றிலும் இடம் பிடிக்கும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 100-க்கு 25 முதல் 30 பேர் பள்ளி வயதிலும் ஒரு சில சொற்களுக்கு மேல் பேசுவதில்லை என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. அவர்களில் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏழு வயது. நான் பாடம் எடுத்த இடத்தில் படித்தான். பேச்சு இல்லை. ஆனால் அமைதியானவன். கதவுகளின் கீல்களைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் இருப்பான். திடீரென்று ஒரு மாதம் அவன் மாறிப்போனான். சட்டைக் காலரைக் கடித்துக் கிழித்தான். உள்ளங்கையால் இடது தாடையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டான். இரவில் தூங்குவதில்லை என்று அவன் தாய் சொன்னார். பக்கத்தில் போன பிள்ளையைத் தள்ளிவிட்டான். அவனைப் பற்றி ஒரு கூட்டம் கூடியது. ஒருவர், பிடிவாதம் என்றார். ஒருவர், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றார். ஒருவர், வளர வளர இப்படித்தான் ஆவார்கள் என்றார். அவனை அமைதிப்படுத்த மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அவன் பகலெல்லாம் மேசைமேல் தலை சாய்த்துக் கிடந்தான். விழித்தால் மறுபடியும் அடி.

அப்போதுதான் வகுப்பில் ஒரு படப்பலகை மாட்டியிருந்தோம். வேண்டும், வேண்டாம், உதவி, தண்ணீர், கழிப்பறை, சத்தம், வலி, முடிந்தது என்று கட்டம் கட்டமாகப் படங்கள். பலகையை மாட்டிவிட்டால் பிள்ளை தானாகத் தொடும் என்று நினைக்கக் கூடாது. நாம் பேசும்போது நாமே அதைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். உடன் பணிபுரிந்த ஆசிரியை அப்படித்தான் செய்தார். "எனக்குத் தலை வலிக்கிறது" என்று சொல்லி 'வலி' என்ற கட்டத்தைத் தொடுவார். அவன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். "சுவரோடு பேசுகிறீர்கள்" என்று சிலர் சொன்னார்கள்.

ஒரு நாள் காலை அவன் எழுந்து வந்தான். ஆசிரியையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பலகைக்குப் போனான். 'வலி'யைத் தொட்டான். கையை எடுக்கவில்லை, அழுத்திக்கொண்டே நின்றான். ஆசிரியை "எங்கே?" என்று கேட்டார். அவருடைய ஆட்காட்டி விரலைப் பிடித்துத் தன் வாய்க்குள் விட்டு, பின்கடைவாய்ப் பல்லின் மேல் வைத்தான்.

பல் சொத்தை. ஈறுக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. இத்தனை நாள் அவன் தாடையில் அடித்துக்கொண்டது அந்த வலியை அடக்க. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்கிறோமே, இவனும் அழுதான் ஐயா, ஒரு மாதம் அழுதான்! கிடைத்தது தூக்க மருந்து. பல் மருத்துவரிடம் போகும்போது பலகையின் சிறிய படி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டான். நடுவில் 'முடிந்தது' 'முடிந்தது' என்று தட்டினான். அந்த மருத்துவர் மகராசன், ஒவ்வொரு முறையும் கருவியை எடுத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி, பத்து வரை எண்ணிவிட்டுத் தொடர்ந்தார். பல்லைப் பிடுங்கிய பிறகு அவரே பலகையில் 'முடிந்தது' என்பதைத் தொட்டுக் காட்டினார். பையன் இறங்கி நேராகப் போய்க் கதவின் கீலைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

படப்பலகை கொடுத்தால் பிள்ளை பேசச் சோம்பல்படும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். தவழ்ந்ததால் நடக்காமல் போன குழந்தை உண்டா? வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இத்தகைய மாற்று வழிகளைக் கொடுத்தால் பேச்சு என்ன ஆகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஓர் அறிக்கை வந்தது. நம்பத்தக்க சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. நூற்றுக்கு 89 பேருக்குக் கூடியிருந்தது. மிகக் குறைவாகவே பேசும் ஆட்டிசக் குழந்தைகள் 61 பேரை வைத்து கோனி கசாரி குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்விலும், பயிற்சியோடு, தொட்டால் குரல் கொடுக்கும் கருவியும் முதலிலிருந்தே கிடைத்த பிள்ளைகள்தாம் தாமாகப் பேசுவதில் கூடுதலாக முன்னேறினார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் கையையோ தோளையோ ஒருவர் பிடித்துக்கொண்டு, எழுத்துகளைத் தொடவைத்து, "உங்கள் பிள்ளை கவிதை எழுதுகிறான்" என்று சொல்லும் முறை ஒன்று உண்டு. சோதித்துப் பார்த்தபோது, வருவது கையைப் பிடித்தவரின் சொல்லே என்று தெளிவானது. அமெரிக்கப் பேச்சு மொழி செவித்திறன் சங்கம் 2018-இல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று திட்டவட்டமாக அறிவித்தது. பிள்ளையின் விரல் தானாகப் போக வேண்டும். அந்த விரலை யாரும் பிடிக்கக் கூடாது.

அதிகாரி அவர்களே, நீங்கள் நேரம் ஒதுக்கி வந்ததற்கு மீண்டும் நன்றி. வந்தவரை வெறும் கையோடு அனுப்ப எனக்கு மனமில்லை, ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் நிறைவேற்றிய உடன்படிக்கை, மாற்று வழிகளில் எண்ணத்தைப் பரிமாறுவதையும் கருத்துப் பரிமாற்றம் என்றே வரையறுத்திருக்கிறது. ஆகவே உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும், வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு படப்பலகை வேண்டும். அதில் 'வேண்டாம்', 'நிறுத்து' என்ற இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். பெரியவர்கள் பலகை செய்யும்போது இந்த இரண்டையும்தான் வசதியாக விட்டுவிடுகிறார்கள். அடம்பிடித்ததற்குத் தண்டனையாக அந்தப் பலகையைப் பிடுங்கி அலமாரியில் வைக்கவும் கூடாது. பேசும் பிள்ளையின் வாயைக் கட்டிப்போடுவோமா? மருத்துவமனைகளின் காத்திருப்பு அறைகளிலும் இது வேண்டும் என்று மருத்துவர் அம்மையாரையும் கேட்டுக்கொள்கிறேன். செலவு என்று பார்த்தால் காகிதமும் பிளாஸ்டிக் உறையும்தான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றால், அழ முடியாத பிள்ளைக்காக நாம் சேர்ந்து அழுவோம், இந்தப் பலகைகள் வரும்வரை.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், முடித்துக்கொள்கிறேன். மாதிரிப் பலகை வாசலருகே மேசைமேல் இருக்கிறது. கோரிக்கை மனுவும் அங்கேயே இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்த பிள்ளைகள் போடட்டும். மற்றவர்களுக்கு மை வைத்திருக்கிறோம், கட்டைவிரலைப் பதிக்கட்டும். நன்றி, வணக்கம்.