நிலா விழுந்து செத்த சூவி

நேயர்களுக்கு வணக்கம். படம் முடிந்த பிறகும் அதே ஆட்களை வைத்துக் கதையை இழுத்துக்கொண்டு போகும் நாவல்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு நாற்பது வருடப் பைத்தியம் இது.

'ஸ்டார் வார்ஸ்' பார்க்காதவர்களுக்குக்கூட சூபாக்காவைத் தெரிந்திருக்கும். நெடுநெடுவென்று, உடம்பெல்லாம் முடியாக, பேச்சுக்குப் பதில் உறுமல். நாயகர்களில் ஒருவனான விண்கப்பலோட்டி ஹான் சோலோவின் கூட்டாளி. செல்லமாகச் சூவி. அந்தச் சூவியை 1999 அக்டோபரில் கொன்றுவிட்டார்கள். படத்தில் இல்லை, ஆர்.ஏ. சால்வடோர் எழுதிய 'வெக்டர் பிரைம்' நாவலில்.

எதிரிகள் ஒரு கிரகத்தின் மேல் அதன் நிலாவையே இழுத்துப் போடுகிறார்கள். சூவி, ஹானின் கடைசி மகன் அனகினைக் காப்பாற்றிக் கப்பலில் ஏற்றிவிட்டுக் கீழேயே மாட்டிக்கொள்கிறான். இன்னும் நின்றால் எல்லோரும் போக வேண்டியதுதான். கப்பலைக் கிளப்புவது அதே அனகின்.

நான் இதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். கையில் எடுத்தால் தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொள்ளும். அட்டை முதுகு அங்கேதான் மடங்கியிருக்கிறது. ஓரத்தில் யாரோ பென்சிலில், தமிழில், "டேய் வேண்டாம்டா" என்று எழுதியிருக்கிறார். கீழே இன்னொரு "வேண்டாம்டா". அந்த இரண்டாவது, தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கம் போயிருக்கிறது. எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், இப்படி ஒன்று படித்ததில்லை. கதை அதோடு நின்றதா? கடைசிப் பக்கத்தில் அதே கையெழுத்து: "அடுத்த பாகம் வாங்கணும்"!

வாசகர்கள் அன்று இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, சூவியைக் கொன்ற கதை எங்களுக்கு வேண்டாம் என்றது. இன்னொரு கட்சி, இத்தனை வருடமாக நாயகர்கள் யாரும் சாக மாட்டார்கள் என்று தெரிந்தே படித்தோம், இப்போதுதான் பயம் வந்தது என்றது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முன்பாதியில் அந்த விண்கல் பந்தயம் இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன்.

திட்டெல்லாம் சால்வடோருக்கு. பாவம், யாரைக் கொல்வது என்று முடிவு செய்தது அவரில்லை. பதிப்பகமும் படக் கம்பெனியான லூகாஸ்ஃபிலிமும் பேசி எடுத்த முடிவு. முதலில் படங்களின் நாயகன் லூக்கையே கொல்ல நினைத்து, 'ஸ்டார் வார்ஸை' உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் மறுத்துவிட்டார் என்பார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

அப்புறம் 2014 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு: இந்த நாவல்களெல்லாம் இனிமேல் 'லெஜண்ட்ஸ்', புதுப் படங்கள் இவற்றைப் பின்பற்றாது. செத்த சூவி பிழைத்துக்கொண்டான்! 2015 டிசம்பரில் புதுப் படம் வந்தது. அதில் செத்தது யார்? ஹான். நாவலில் சூவியை நினைத்து ஹான் உடைந்துபோனான்; படத்தில் ஹான் விழுவதைப் பார்த்துச் சூவி அலறினான். தியேட்டரில் எனக்கு அந்தப் பென்சில்காரர் ஞாபகம்தான் வந்தது. அவர் பார்த்திருப்பாரா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். 1991-இல் டிமதி ஸான் தன் 'ஸ்டார் வார்ஸ்' நாவலில் படைத்த வில்லன், தளபதி த்ரானைப் பற்றித்தான் பாதி நேரம் பேசுவதாக இருந்தேன். ஒரே வரி: அவனையும் 2014-இல் ஒதுக்கினார்கள், 2016-லேயே கார்ட்டூன் தொடரில் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். மீதியை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.